மணி அடிக்காத பெட்டி

எங்கள் மைக் செட்டில் கம்பத்தில் ஏறுவது என் வீட்டுக்காரர். பட்டனைத் தட்டுவது நான். கல்யாணமான இரண்டாவது வருஷமே இந்தப் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. அவருக்குக் குழாய் ஸ்பீக்கர், ஒயர், ஜெனரேட்டர், குட்டியானை வண்டி. எனக்கு ஆம்ப்ளிஃபையரும் பாட்டும். இலுப்பூர்ப் பக்கத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்து செட்டுப் போடுவதை முதலில் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தார்கள். இப்போது, "அந்தக்கா செட்டா? அப்பச் சரி" என்கிறார்கள். அந்த "அப்பச் சரி"யை யாரும் எனக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

பாட்டை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதான் இந்த வேலை என்று நினைக்கிறவர்களை ஒரே ஒரு காதுகுத்து வீட்டில் என் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். விடிந்ததும் சாமி பாட்டு. ஆள் கூடக் கூட அதற்கேற்ற பாட்டு. பந்தி நடக்கும்போது சத்தம் குறைய வேண்டும், இல்லாவிட்டால் சாம்பார் கேட்டவர் இலையில் ரசம் விழும். இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, தாய்மாமன் சீர். பிள்ளையின் தாய்மாமன் தட்டு வரிசையோடும் மேளத்தோடும் தெருமுனையிலிருந்து நடந்து வருவார். பந்தல் வாசலில் மேளம் நிற்கும். அவர் வலதுகாலை எடுத்து உள்ளே வைக்கும்போது குழாயில் தாய்மாமன் பாட்டு எடுக்க வேண்டும். முந்தினால் மேளத்தோடு மோதும். பிந்தினால், "நம்மள யாரும் மதிக்கல" என்று மாமன் வீட்டாரின் முகம் தொங்கிவிடும். எத்தனையோ மாமன்களை நான் உள்ளே கூட்டி வந்திருக்கிறேன். ஒருவர் முகமும் தொங்கியதில்லை. போன வருஷம் வரைக்கும் இதைத் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு காதுகுத்து. அப்போது நானும் ஊரோடு ஒத்துப் போனில்தான் பாட்டுப் போட்டேன். பாட்டு ஓடும்போது போன் வந்தால் உடனே வெட்டிவிடுவேன். போனை அணைத்து வைக்க முடியாது. வண்டியில் எழுதியிருப்பது என் நம்பர்தான். கல்யாண வீட்டுக்காரர் ஒரு மாதம் முன்னால் சொல்லுவார், எழவு வீட்டுக்காரர் சொல்லி வைத்தா வருவார்?

மாமன் வந்தார். மேளம் நின்றது. அவர் காலைத் தூக்கினார். நான் பாட்டைத் தட்டினேன். பாட்டு இரண்டு வரி போயிருக்காது, மணி அடித்தது. நாலு குழாயிலும் அடித்தது. பதற்றத்தில் வெட்டுவதற்குப் பதிலாக, வியர்த்த கட்டைவிரல் அந்தப் பக்கம் தள்ளாமல் இந்தப் பக்கம் தள்ளிவிட்டது.

"அக்கா... அப்பாரு போயிட்டாருக்கா... செட்டு வேணும்க்கா, ஒடனே வாங்கக்கா..."

யாரோ ஒருவரின் அழுகை ஊரின் நாலு திசைக்கும் போனது. நான் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். மங்கலத் தட்டோடு மாமன் வாசலில் கால் வைக்கும் நேரத்தில் எழவு சொல்லியாகிவிட்டது. மாமன் வைத்த காலைப் பின்னால் எடுத்தார். திரும்பித் தெருமுனைக்குப் போய்விட்டார். தட்டு வரிசையும் அவர் பின்னாலேயே திரும்பியது.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, கெட்ட சொல் காதில் விழுந்தால் திரும்பிப் போய்க் கால் கழுவி, தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அவர் உட்கார்ந்தார். நல்ல நேரம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்தார். கடைசியில் நாலு பெரியவர்கள் போய்க் கூட்டி வந்தார்கள். பிள்ளைக்குக் காது குத்தினார்கள். நான் பாட்டே போடவில்லை. போடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

ஒயர் சுருட்டும்போது பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"பெரியவளுக்கு ஆவணில சடங்கு வச்சிருக்கோம்க்கா. ஒங்க செட்டு வந்தா நான் வரமாட்டேன்னு எங்கண்ணன் சொல்லிட்டுப் போயிருச்சு."

வேறு யாராவதாக இருந்தால் "சரிம்மா, வேற செட்டுப் பாத்துக்க" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "போன் இல்லாம வாரேன். உங்கண்ணன்கிட்ட அப்படியே சொல்லு" என்றேன்.

"போன் இல்லாம எப்புடிக்கா பாட்டு வரும்?"

"அது என் பாடு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் அண்ணன் கால்ல விழுந்தாவது கேட்டுப் பாக்குறேன். ஆனா இன்னொரு தடவ இப்புடி ஆச்சுன்னா எனக்குப் பொறந்த வீடே இல்லாமப் போயிரும்க்கா. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

என் பேர் கெட்டது பெரிதாகத் தெரியவில்லை. என் விரல் தள்ளிய தள்ளலில் ஒருத்திக்கு அண்ணன் இல்லாமல் போகப் பார்த்தது, அதுதான் நெஞ்சைக் குத்தியது. அன்று சாயங்காலம் அந்த அழுத மனுஷர் வீட்டுக்கும் போய்க் குழாய் கட்டினோம். அவர் மேல் எனக்கு என்ன கோபம்? அப்பாவைப் பறிகொடுத்தவர் நேரம் பார்த்தா கூப்பிடுவார்?

மறுநாளிலிருந்து பெட்டி தேடினேன். வீட்டுக்காரர் லேசாக முடிக்கப் பார்த்தார். "பழைய போன் ஒண்ணு சும்மா கெடக்குல்ல? சிம்மக் கழட்டிட்டு அதுல போடு." போட்டேன். வெயிலில் திரை கறுப்பாகத்தான் தெரிந்தது. வியர்த்த விரலுக்கு அசையவில்லை. ஒரு பொங்கல் வைக்கிற வீட்டில், சார்ஜ் குறைந்துபோச்சு என்று அம்மன் பாட்டுக்கு நடுவில் குழாய் வழியாகக் கீச்சென்று முறையிட்டது. "அப்ப பென் டிரைவு?" என்றார். அதை ஆம்ப்ளிஃபையரில் சொருகினால் பாட்டுக்குப் பெயர் காட்டாது, நம்பர்தான் காட்டும். முந்நூற்றுச் சொச்சம் பாட்டில் மாமன் பாட்டு எத்தனாவது என்று எண்ணிக்கொண்டிருந்தால் மாமன் பேரன் எடுத்துவிடுவார்.

"பாட்டு மட்டும் பாடுற பெட்டி ஒண்ணு வேணும். வேற எதுவும் தெரியாத பெட்டி" என்றேன்.

"என்னய மாதிரி" என்றார்.

"நீங்க பாடவும் மாட்டீங்க" என்றேன்.

புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். கீழராஜ வீதியில் முதல் இரண்டு கடையிலும் எம்.பி.த்ரீ பிளேயர் என்று சொன்னதுமே சிரித்தார்கள். "இப்ப யாருங்க அதெல்லாம் வாங்குறா? நல்ல போனாப் பாருங்க." போனால் பட்ட பாட்டை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. சிரிப்பைப் பார்த்து எனக்குக் கோபம் ஏற, வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். மூன்றாவது கடைக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உள்ளே போய் மூன்று பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

நான் வெறும் கையோடு போகவில்லை. என் பாட்டெல்லாம் இருக்கிற மெமரி கார்டும், ஆம்ப்ளிஃபையரில் சொருகுகிற ஒயரும் பையில் இருந்தன. முதல் பெட்டி கண்ணாடி மாதிரி வழவழவென்று அழகாக இருந்தது. முழுக்கத் தொடுதிரை. அதைத் தொட்டதுமே தள்ளி வைத்தேன். ஒரு தள்ளலில் பட்டது போதும். இரண்டாவது தீப்பெட்டி அளவு, சட்டையில் மாட்டிக்கொண்டு ஓடப் போகிறவர்களுக்கானது. திரையே இல்லை. மூன்றாவது தடிமனாக, சோப்பு டப்பா போல இருந்தது. அதற்கு மட்டும் மேடு மேடாகப் பட்டன்கள். பக்கவாட்டில் ஒரு பூட்டு. அதைத் தள்ளிவிட்டால் எந்தப் பட்டனை அமுக்கினாலும் கேட்காது.

கார்டைச் சொருகினேன். தமிழ்ப் பெயர்களில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் காட்டியது, ஆனாலும் படிக்க முடிந்தது. தெருவுக்கு எடுத்துப் போய் உச்சி வெயிலில் பார்த்தேன், எழுத்துத் தெரிந்தது. உள்ளே வந்து கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தடவித் தடவிச் சாமி பாட்டுக்குப் போனேன், அங்கிருந்து சீர் பாட்டுக்குப் போனேன், நிறுத்தினேன், மறுபடி எடுத்தேன். இடது கையால் ஒரு தடவை. முந்தானைக்குள் வைத்து ஒரு தடவை. கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஒரு தடவை. அமுக்கியதும் பாட்டு வருகிறதா, யோசித்து வருகிறதா என்று கடை ஸ்பீக்கரில் ஒயரைப் போட்டுக் காதை வைத்துக் கேட்டேன். யோசிக்கவில்லை.

"ஏங்க, பெட்டி வாங்க வந்தாங்களா, பொண்ணு பாக்க வந்தாங்களா?" என்று கடைக்காரர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"பொண்ணு பாத்திருந்தா இந்நேரம் முடிச்சிருப்பா" என்றார் இவர்.

"இதுல போன் வருமா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"வராதும்மா. புளூடூத்துகூட கெடையாது. அதனாலதான் யாரும் வாங்கல."

"அதனாலதான் நான் வாங்குறேன்" என்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர் வந்து சேருகிற வரைக்கும் பூட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. தாலி கட்டிய அன்றைக்குக்கூட அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கமாட்டேன்.

பெட்டிக்கு இரண்டு கார்டு போட்டேன். ஒன்று நல்ல காரியத்துக்கு. மற்றது எழவு வீட்டுக்கு, அதைக் கறுப்பு நூல் சுற்றிய டப்பாவில் வைத்து, வண்டியில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். என் போன் விசேஷ நாளில் வீட்டுக்காரரின் சட்டைப் பைக்குப் போய்விடும். எழவுக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு இனி அவர் பதில் சொல்லுவார்.

ஆவணியில் சடங்கு. அண்ணன் காலில் விழுந்தாளோ என்னவோ, அந்த அம்மா எங்களைத்தான் வரச் சொன்னாள். காலையில் என்னிடம் வந்து சோப்பு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுதானாக்கா? இதுவாக்கா பாடும்?" என்றாள். இதுதான் என்றேன். எழவுப் பாட்டு வேறு கார்டில், வண்டியில் இருக்கிறது என்றும் சொன்னேன். தலையாட்டினாள். நம்பின மாதிரி தெரியவில்லை.

மாமன் வந்தார். அதே மேளம், அதே மீசை. பந்தலுக்குப் பத்தடி முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். மேளமும் நின்றது. யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. நிமிர்ந்து குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பந்தலே என்னைப் பார்த்தது. அவர் தங்கை வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள், தட்டில் தண்ணீர் தளும்பியது.

நான் பெட்டியைப் பார்க்கவில்லை. அவர் காலைத்தான் பார்த்தேன். அது எனக்குப் போனில் முடிந்ததே இல்லை. பாட்டைத் தேடக் கண் திரைக்குப் போய்விடும். இப்போது கட்டைவிரல் பட்டன் மேட்டின் மேல் தானாக உட்கார்ந்திருந்தது. அவர் நடந்தார். வலதுகால் எழுந்தது. வாசலைத் தாண்டி மண்ணைத் தொட்டது. அமுக்கினேன்.

பாட்டு நாலு குழாயிலும் முழுசாக விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மாமன் அடுத்த காலையும் எடுத்து உள்ளே வைத்தார். தங்கை அவர் முகத்துக்கு நேரே தட்டைச் சுற்றினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

பந்தி நடக்கும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாமன் கை கழுவிவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். பின்னாலேயே வெற்றிலைத் தட்டோடு தங்கையும் வந்தாள், அண்ணன் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டு.

"இதுல மணி அடிக்காதா?" என்றார்.

"அடிக்காதுங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க."

பெட்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "திருமயத்துக்கு அங்கிட்டு எங்க ஊரு. மாசில கோயிலுக்குக் காப்புக்கட்டு. நம்பரச் சொல்லுங்க."

சொன்னேன். தன் போனில் எண்ணைத் தட்டினார். பச்சையை அமுக்கப் போன விரல் ஒரு நொடி நின்றது. பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே அமுக்கினார். அமுக்கியதும் அவர் தலை தானாகக் குழாயை நோக்கி நிமிர்ந்தது. தங்கையின் தலையும் நிமிர்ந்தது. வெற்றிலைத் தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

குழாய் அசையவில்லை. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில், வேப்பமரத்தடியில் நின்ற குட்டியானையிலிருந்து மெல்லிசாக ஒரு மணி கேட்டது. என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைப்பது தெரிந்தது.

"அலோ, மைக் செட்டுங்க. யாரு பேசுறது?"

மாமன் தங்கையைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

"தாய்மாமன் பேசுறேன்" என்றார்.