யாரிடமும் சொல்லாத பயணம்

அந்த இணையதளத்தைத் திறந்தால் எப்போதும் ஒரே வரிதான் இருக்கும்: 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.' பல் தேய்ப்பதற்கு முன் ஒருமுறை பார்ப்பேன், தேய்த்த பின் ஒருமுறை பார்ப்பேன். என்னவோ அதற்குள் மாறிவிடப்போவதுபோல. மேற்படிப்புக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகம், விசா தாமதமாகிறது என்று நான் கெஞ்சியதில் ஏற்கெனவே ஒரு பருவம் பொறுத்துக்கொண்டது. இந்த முறை வகுப்பு தொடங்கும் வாரத்துக்குள் வந்து சேராவிட்டால் இடம் இன்னொருவருக்கு என்று கறாராக எழுதிவிட்டார்கள். நானோ பார்த்த வேலையையும் விட்டுவிட்டு, குஷாய்குடா வீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குப் பக்கத்திலிருக்கும் அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. ஹைதராபாதுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் அம்மா திருநெல்வேலித் தமிழையும் விடவில்லை, கண் திருஷ்டியையும் விடவில்லை. நான் விமானம் ஏறும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். பெண் ஏன் வீட்டிலேயே இருக்கிறாள் என்று கேட்டவர்களிடம், "வீட்ல இருந்தே வேலை பாக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள். அதனால் யாராவது வந்தால் நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வெறும் திரையைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அப்பாவும் தன் செக்‌ஷனில் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றுவாள். பிறகு இரும்புக் கரண்டியில் போட்டு கேஸ் அடுப்பில் கருக்குவாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடியே வராது, படாவிட்டால் நெடி மூக்கைத் துளைக்கும் என்பது அவள் கணக்கு. நெடி வந்ததே இல்லை. "பாத்தியா, எவ்வளவு கண்ணு!" என்பாள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது என்று சொன்னால் முறைப்பாள்.

ஒரு சாயங்காலம் கீழ்வீட்டு அங்கிள் மாடியேறி வந்தார். அப்பாவின் செக்‌ஷனிலேயே வேலை பார்ப்பவர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். முகமெல்லாம் சிரிப்பு. நான் வழக்கம்போல ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். அவர் அப்பாவிடம் ஆரம்பித்தார்:

"தம்பி, நீ மத்தியானம் மெஷின் ஷாப்புக்குள்ள போயிருந்தப்ப செக்‌ஷன் போன்ல ஒரு லேடி பேசினாங்க, டெல்லியிலருந்து. நீ எத்தனை வருஷமா வேலை பாக்குறே, பொண்ணு என்ன பண்ணுது, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகுதான்னு ஒரே கேள்வி. எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை வீட்டு விசாரணைதானே!"

எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வரன் பார்ப்பவர்கள் பெண் வீட்டைக் கேட்க மாட்டார்கள், பெண்ணின் அப்பாவோடு வேலை பார்ப்பவரைத்தான் கேட்பார்கள். அந்தத் தொழிற்சாலையில் பல கல்யாணங்கள் அங்கிளின் வாயால் கூடி வந்தவை.

"நீங்க என்ன சொன்னீங்க, அண்ணாச்சி?" என்றாள் அம்மா.

"விடுவேனா? வெளிநாடா, நக்கோ நக்கோ, அந்தப் பேச்சே கிடையாதுன்னுட்டேன். பொண்ணு பெரிய கம்பெனியில இருக்கு, வீட்டிலருந்தே வேலை, அப்பா அம்மாவை விட்டு ஒரு நாள் இருக்காதுன்னேன். தேங்க்ஸ் சொல்லி வச்சிட்டாங்க."

வேலையை விட்டுவிட்டேன், அப்பாதான் படிக்க வைக்கிறார் என்று விசா விண்ணப்பத்தில் எழுதி, அவர் ஆபீஸ் போன் நம்பரையும் கொடுத்திருந்தேன். ஹெட்செட்டைக் கழற்றி எறிந்து, "அங்கிள், அது எம்பசி!" என்று கத்தினேன். மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கிப்போனார். எனக்கு அவர்மேல் கோபம், அம்மாமேல் கோபம், போனை எடுத்தவரிடமெல்லாம் என் தலையெழுத்தைக் கேட்கிற அந்த ஆபீஸ்மேல் அதைவிடக் கோபம்.

அன்றைக்கே விளக்கம் எழுதி அனுப்பினேன். 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. திருஷ்டி என்பதை அந்த ஊர்க்காரனுக்கு எப்படிப் புரியவைப்பது? அமீர்பேட்டில் இருந்த விசா கன்சல்டன்டைக் கேட்டதற்கு, அங்கிளிடம் ஒரு கடிதமும், என்னைத் தெரிந்தவர்களிடம் சில கடிதங்களும் வாங்கிப் போடச் சொன்னார். நான் தயங்கினேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீடு வீடாகப் போனோம். "எம்பொண்ணு படிக்கப் போறா. முன்னாலயே சொல்லல, தப்பா நெனைக்காதீங்க" என்று தமிழிலும், பாதித் தெலுங்கிலும், வாய்க்கு வந்த இந்தியிலும் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் பயத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் இணையதளத்தில் ஏற்றினேன். அந்த வரி அசையவில்லை. மறுநாளிலிருந்து லிஃப்டில், காய்கறி வண்டியருகில், பார்த்தவர்களெல்லாம் "வச்சிந்தா?" என்று கேட்டார்கள். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் படியிறங்குவதையே நிறுத்திவிட்டேன்.

வகுப்பு தொடங்கும் வாரமும் வந்து, முடிந்தது. கடைசி நாள் சாயங்காலம் பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்தது: வருந்துகிறோம், உங்கள் இடம் வேறொருவருக்கு அளிக்கப்பட்டுவிட்டது. அப்பா அதை இரண்டு முறை படித்தார். அங்கிள் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நான்தான் ஊரெல்லாம் தமுக்கடிச்சேன். அத்தனை கண்ணும் பட்டுட்டு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எழுந்துபோய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்தாள். முதல் முறையாக நான் வாதாடவில்லை. என்னைச் சுற்றி முடித்ததும், லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தி, "இதையும் சுத்தும்மா" என்றேன். திரையில் அதே வரி இருந்தது. அதையும் மூன்று முறை சுற்றி, அடுப்பை மூட்டினாள்.

எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட யாருக்கும் தோன்றவில்லை. மிளகாய் நெடி வீடெல்லாம் ஏறியது. முதலில் அம்மா இருமினாள். பிறகு அப்பா. வாசலில் அங்கிள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. அம்மா கரண்டியும் கையுமாக நின்று லேப்டாப்பையே பார்த்தாள்.

"ஏட்டி," என்றாள் இருமலுக்கு நடுவில், "அத்தனை பேரு கையெழுத்தையும் அங்க ஒருத்தருகூடப் பாக்கவே இல்ல."