வட்டத்துக்குள் அடங்காதவர்கள்

போட்டோவை வட்டத்துக்குள் அடைப்பதுதான் என் தொழில். சதுரம், அறுகோணம், இலை, நட்சத்திரம் என்று எந்த வடிவம் கேட்டாலும் அடைப்பேன். வெப்சைட்டில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் முகங்கள் உருண்டை உருண்டையாகச் சிரிக்கின்றனவே, அதற்குப் பின்னால் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். படத்தின் மேல் ஒரு வடிவத்தை வைத்தால் அதற்குள் வருவது மட்டும் தெரியும், மற்றது மறைந்துகொள்ளும். இதற்கு மாஸ்க் என்று பெயர். கம்ப்யூட்டருக்கு அரை நிமிட வேலை. படத்தில் இருப்பவரைச் சம்மதிக்க வைக்கத்தான் அரை நாள் ஆகும். இதே வேலையில் கண் சிவக்க உட்கார்ந்திருக்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

பல் டாக்டரின் ஆசை

கதிர்காமத்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அங்கே வந்த பல் டாக்டர் ஒருவர், தன் கிளினிக்கில் இருக்கும் மூன்று டாக்டர்களின் படமும் பல் வடிவத்தில் வர வேண்டும் என்றார். வட்டம் எல்லோரும் போடுகிறார்களாம். கடைவாய்ப் பல் ஒன்றை வரைந்து முகத்தைப் பொருத்தினேன். பல்லுக்குக் கீழே இரண்டு வேர் உண்டல்லவா, அதில் டாக்டரின் வெள்ளைக் கோட்டு இரண்டாகப் பிரிந்து குட்டைக் கால்களாகத் தொங்கியது. வேரைச் சுருக்கினால் மொத்தமும் முட்டைக்கோஸ் ஆனது. மூன்று நாள் போராடி மூவரையும் பல்லாக்கி வரிசையில் நிறுத்தினேன்.

கோடிங் பார்க்கும் புனிதா பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். பின்னால் டாக்டர் வந்து நிற்பது தெரியாமல், "மூணாவது ஆளைப் பார்த்தா புடுங்கிடணும் போல இருக்குதுடி" என்றாள். மூன்றாவது ஆள் அவர்தான். நான் அவசரமாக அந்தப் படத்தை மூடப் பார்த்தேன். அவரோ படத்தை உற்றுப் பார்த்து, தோள் குலுங்கச் சிரித்தார். "வட்டமே போட்டுடுங்கம்மா. வர்ற பேஷண்ட்டும் இதையேதான் நினைப்பாங்க."

கம்பு எங்கே?

நோணாங்குப்பத்தில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர், அந்தரத்தில் பாய்ந்தபடி கம்பைக் குறுக்கே பிடித்திருக்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். வட்டத்துக்குள் வைத்தேன், கம்பின் இரண்டு முனையும் காணாமல் போயின. முழுக் கம்பையும் உள்ளே கொண்டுவந்தால் மாஸ்டர் கடுகளவு ஆகிவிட்டார். பார்க்க ஆபீசுக்கு வந்தவர், "பசங்க கம்பைத்தாம்மா பார்ப்பாங்க" என்றார், முகம் வாடி.

அதே படத்தில் கம்பையும் கைகளையும் மட்டும் தனியாக வரைந்தெடுத்து, வட்டத்துக்கு மேலே இன்னொரு அடுக்காக வைத்தேன். வட்டத்தைக் கிழித்துக்கொண்டு கம்பு இரண்டு பக்கமும் நீட்டி நின்றது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "முன்னாடி போட்டது பாஸ்போர்ட்டுக்குத்தான் ஆகும். இதுதாம்மா சிலம்பம்."

மதாம் வீட்டு ஜன்னல்

கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அந்த அம்மாவைத் தெருவே மதாம் என்றுதான் கூப்பிடும். எழுபது வயதுக்கு மேல். பழைய வீட்டின் அறைகளை டூரிஸ்டுகளுக்கு விடுகிறார். அறைகளின் படமெல்லாம் தன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஜன்னலின் மேல் சார்ட் பேப்பரை ஒட்டி, பென்சிலால் வரைந்து, கத்தரித்து, சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்.

மேல் வளைவு இடது பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. கத்தரி வழுக்கியிருக்கும் என்று நானாகவே சரிசெய்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாக வரைந்தேன். மதாம் பார்த்தார். "ரொம்ப அழகு. யார் வீட்டு ஜன்னல் இது?" என்று கேட்டார். வளைவைப் பழையபடி இறக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. "வுவாலா, அதான், இப்பத்தான் எங்க வீடு. கொத்தனாரு கோணலாத்தாம்மா கட்டினாரு."

தோளில் நாலு விரல்

தவளக்குப்பத்தில் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் கலியபெருமாள். தம்பியோடு சேர்ந்து ஆரம்பித்த கடை. இடையில் ஏதோ மனஸ்தாபம், தம்பி பிரிந்துபோய்த் தனிக்கடை வைத்துவிட்டார். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. வெப்சைட்டுக்கு அண்ணனிடம் இருந்த ஒரே நல்ல படம், கடை திறந்த அன்று இருவரும் சேர்ந்து நின்றது. "தம்பி வேணாம், என்னை மட்டும் எடுத்துக்கோ" என்றார்.

வட்டத்தை எவ்வளவு சுருக்கினாலும் அவர் தோள்மேல் நாலு விரல் இருந்தது. தம்பியின் கை. அதை அழித்துவிட்டுச் சட்டை நிறம் பூசலாம் என்றேன். எப்படி என்று கேட்டார். காட்டுவதற்காக வட்டத்துக்குள் படத்தைக் கொஞ்சம் இழுத்தேன். தம்பியின் முகம் சிரித்தபடி உள்ளே வந்தது. அவர் திடுக்கிட்டுப் போனார்.

"வெட்டிட்டேன்னு நினைச்சேனே?"

"வெட்டலைண்ணே, மறைச்சுத்தான் வெச்சிருக்கேன்."

"அப்ப உள்ளதான் இருக்கானா?"

திரையில் தம்பி முகத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மருந்துக்கடை வாசலில் போனைக் காதில் வைத்து அவர் மேலும் கீழும் நடப்பதை நானும் புனிதாவும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "வட்டத்தைப் பெருசு பண்ணும்மா, ரெண்டு பேரும் வரட்டும். மூணு வருஷம் கழிச்சுப் பேசறேன், அந்தப் படத்துல என் முடி நல்லா இருக்குதான்னு கேக்கறான்."

இந்த வேலைக்கு வந்த ஆறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: எந்த வடிவத்தையும் வரைந்துவிடலாம், அதற்குள் வருகிறவர்கள் தங்கள் வடிவத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்.