கூடையில் வந்த காட்டெருமை

ஏற்காட்டில் காப்பி வைத்திருப்பவர்களும் கடைக்காரர்களும் சேர்ந்த எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கண்டதைக் கண்ட நேரத்தில் போடக் கூடாது. பகலில் யாருக்கு எந்த லிங்க் பிடித்தாலும் அட்மினுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அட்மின், பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய். சாயங்கால வியாபாரம் ஓய்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே பதிவாகத் தொகுத்துப் போடுவார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கூடை. எதை யார் அனுப்பினார் என்று எழுத மாட்டார். எழுதிய நாட்களில் சண்டை வந்திருக்கிறது.

நான் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். கூடையில் வரும் ஒவ்வொரு லிங்க்கையும் திறந்து பார்த்துவிட்டு, டைரியில் அதற்கு எதிரே உண்மை, பொய், தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றை எழுதுவேன். மூன்றாவதுதான் அதிகம்.

அந்தச் சனிக்கிழமைக் கூடையில் கடல் பிராணி ஒன்று தன் காலாலேயே பாட்டில் மூடியைத் திருகித் திறந்தது. எந்த நாட்டிலோ ஒரு கிழவர் மரத்தை வளைத்து நாற்காலியாகவே வளர்த்திருந்தார். இஞ்சியும் மிளகும் கொதிக்கவைத்துக் குடித்தால் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி எறியலாம் என்று டாக்டர் கோட்டு போட்ட ஒருவர் சொன்னார். கோட்டு புதிதாக இருந்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை. ஞாயிறு மாலையிலிருந்து மலையில் மழை என்றது வானிலைப் பக்கம். கடைசியாக ஒரு வீடியோ: காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்க்கிறது. 'தலைச்சோலையில் இன்று காலை! உஷார்!'

'இன்று காலை' என்று போட்டிருந்தாலே எனக்கு முதல் சந்தேகம் அந்த இரண்டு சொற்களின் மேல்தான். ஆனாலும் தூக்கம் வந்ததால் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். தலைச்சோலை ரோட்டுக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் காப்பி இருக்கிறது. வருஷத்து வரும்படி அது ஒன்றுதான். கணவர் கால் முறிந்து சேலத்தில் மகன் வீட்டில் கிடக்கிறார். பழம் முழுக்கச் சிவந்துவிட்டது. மழை விழுந்தால் வெடித்து உதிர்ந்துவிடும். அன்றைக்குப் பறித்தாக வேண்டும்.

"ஜீப்பு வரலை, கண்ணு. நீ கொஞ்சம் பேசிப் பாரு."

கொட்டச்சேட்டிலிருந்து பறிக்கிற பெண்களை ஏற்றிவரும் ஜீப்காரரை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க, வண்டி இன்னும் வரலீங்களே?"

"எப்படிங்க வரது? கூடையப் பாக்கலீங்களா? உங்க அக்கா காப்பிக்காட்டுப் பக்கம் வரமாட்டோம்னு பொம்பளைங்க ஒத்தக்கால்ல நிக்கறாங்க. ரெண்டு நாள் போகட்டுமுங்க."

"அதுக்குள்ள மழை வந்துருமுங்க."

"மழைய நானா கூட்டிட்டு வரேன்?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பெண்கள் பேசும் சத்தமும் வண்டி கியர் மாறும் சத்தமும் எனக்குக் கேட்டன. யாரும் வரமாட்டேன் என்றால் அந்த ஜீப்பில் போவது யார்?

வீடியோவை மறுபடி போட்டேன். காட்டெருமையைப் பார்க்கவில்லை, ஓரங்களைப் பார்த்தேன். இடது மூலையில் ஒரு கிளை காற்றில் ஆடி உள்ளே வந்து போயிற்று. அதை நிறுத்திப் பெரிதாக்கினேன். கிளை முழுக்க வெள்ளை வெளேரென்று பூ.

காப்பி பூப்பது கோடை மழைக்குப் பிறகு. பழம் சிவந்திருக்கும் மார்கழியில் தப்பித் தவறி ஒன்றிரண்டு பூ இருக்கலாம். கிளை முழுக்க இருக்காது. அந்த வீடியோ எந்த ஊரானாலும் எந்த வருஷமானாலும், நேற்றுக் காலை எடுத்தது அல்ல. அக்காவிடம் காட்டினேன். "அட ஆமா! நானும் எருமையத்தான பார்த்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மலையில் அத்தனை பேரும் பார்த்திருக்கிறோம். கொம்பைப் பார்த்த யாரும் பூவைப் பார்க்கவில்லை.

பாய்க்குப் போன் போட்டேன்.

"அனுப்பினது யாருங்க பாய்?"

"அதை மட்டும் கேக்காதீங்க மேடம். இன்னைக்குச் சொன்னா நாளைக்குக் கூடை காலி."

"ஜீப்காரரா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க."

"சரி, பொய்னு இப்பவே குழுவுல போடுங்க."

"பேஷாப் போடலாம். எழுதி அனுப்புங்க, சாயங்காலக் கூடையில முதல் ஐட்டமா வெச்சிடறேன்."

"சாயங்காலம் மழை வந்துரும் பாய்!"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குதுங்களே. நீங்கதான மேடம் அன்னைக்கு மீட்டிங்ல கையத் தூக்கினீங்க?"

உண்மைதான். கண்ட நேரத்தில் போடக் கூடாது என்ற விதிக்கு முதலில் கை தூக்கியவள் நான். ஸ்கூட்டரை எடுத்தேன். அக்கா பின்னால் ஏறிக்கொண்டார்.

கொட்டச்சேட்டில் அந்தப் பெண்கள் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரிடம் போனை நீட்டிப் பூவைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பூவுதான். பழைய படம்தானுங்க. அதுக்கு என்னங்க இப்ப?"

"காட்டெருமை வந்துச்சுன்னு சொன்னது பொய்ங்க."

"இந்தப் படம் பொய்யுங்க. இந்த அக்கா காட்டுல இன்னைக்கு எருமை இல்லைன்னு எந்தப் படத்துல போட்டிருக்குது?"

நியாயமான சந்தேகம். எனக்கே வந்திருக்க வேண்டியது.

"ஜீப்காரர்கிட்டயும் இதைத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"ஜீப்பா? அது காலையில இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலீங்களே."

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூத்தவர் முந்தானையில் கையைத் துடைத்தார்.

"இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க. அப்ப நீங்க முன்னால நடங்க. நாங்க பின்னால வர்றோம்."

"நானா? ஆபீஸ்காரி நான்."

"எருமைக்கு அது தெரியாதுங்க" என்றாள் ஒரு இளம்பெண். குழாயடியே சிரித்தது.

அவர்கள் பஸ்ஸில் வந்து தலைச்சோலை ரோட்டில் இறங்கியபோது மலை உச்சியில் மேகம் படிந்திருந்தது. அக்கா வீட்டு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் கையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். பத்தடிக்கு ஒரு தரம் தட்டினேன். செடிகளுக்குள் எது அசைந்தாலும் நின்றேன். ஒரு தடவை குயில், ஒரு தடவை என் சொந்தப் புடவை.

தண்ணீர்க் குட்டை ஓரம் ஈரமண்ணில் குளம்புத் தடங்கள் இருந்தன. எல்லோரும் சுற்றி நின்றோம்.

"மாட்டுக்குளம்புங்களா, எருமைங்களா?" என்று இளம்பெண் கேட்டாள்.

மூத்தவர் குனிந்து பார்த்தார். "பெருசா இருக்குது. ஆனா விளிம்பு காஞ்சு உதிருது. நேத்ததோ, போன வாரத்ததோ. எனக்கு நிச்சயமாத் தெரியலீங்க."

எனக்கும் தெரியவில்லை. அக்கா வானத்தையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூத்தவர் அதைக் கவனித்தார். பழம் பறிக்கும் கூடையை இடுப்பில் கட்டினார்.

"ஆளுக்கொரு பக்கம் போகாதீங்கடி. வரிசை பிடிச்சு ஒண்ணாவே போங்க. வாய மூடாம பேசுங்க. அது ஒண்ணுதான் உங்களுக்கு நல்லா வரும். மேடம் தட்டட்டும்."

அவர்கள் பறித்தார்கள், பேசினார்கள், யார் மாமியார் என்ன சொன்னாள் என்பதெல்லாம் காடு முழுக்கக் கேட்டது. நான் சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தட்டினேன். தட்டு ஒரு பக்கம் குழிந்துவிட்டது. கடைசி மூட்டையை டெம்போவில் ஏற்றி, பழத்தோல் உரிக்கும் பல்ப்பருக்கு அனுப்பிய பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. அக்கா மழையில் நின்றபடியே அழுதார், சிரித்தார், "தட்டை நீயே வெச்சுக்க, கண்ணு" என்றார்.

திரும்பும் வழியில் பெரிய எஸ்டேட் கேட் முன்னால் அந்த ஜீப்பைப் பார்த்தேன். வாழவந்தி ஊர்ப் பெண்கள் வேலை முடிந்து அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜீப்காரர் எனக்குக் கும்பிடு போட்டார். நானும் போட்டேன். வீடியோவை அனுப்பியது அவரா, அல்லது வந்த வீடியோவைச் சாக்காக வைத்து அதிகக் கூலிக்கு வண்டியைத் திருப்பினாரா, இரண்டும் இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இப்போதும் அக்காவுக்கு ஆள் கொண்டுவருகிறார். முதல் நாளே போன் செய்து, பெண்களிடமும் ஒரு தரம் கேட்டுக்கொள்கிறோம்.

அன்று சாயங்காலம் பாய் சொன்னபடியே என் திருத்தத்தைக் கூடையின் தலையில் வைத்திருந்தார். படித்தவர்கள் குறைவு. ஏனென்றால் கடைசியில் ஒரு வீடியோ இருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு நடுத்தர வயதுப் பெண் தட்டைத் தட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடக்கிறாள். 'தலைச்சோலையில் இன்று! காட்டெருமையைத் தனி ஆளாக விரட்டிய வீரப்பெண்!' அந்த இளம்பெண் எடுத்திருக்க வேண்டும். கேட்டால் இல்லை என்பாள். குழுவில் கைதட்டல் குறிகள் குவிந்தன. எஸ்டேட் மேனேஜர்கூடப் போட்டிருந்தார்.

நிறுத்தி, பெரிதாக்கி, ஓரத்தைப் பார்த்தேன். கிளை முழுக்கச் சிவந்த பழம். மாசமாவது சரியாக இருந்தது.