கம்பிக்கு அந்தப் பக்கம் ஏரி

முதலில் என் முட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறெதுவும் எனக்கு ஓடாது. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், தினமும் நடங்கள் என்று மட்டும்தான் சொன்னார். அதைச் சொல்வதற்கு முன் அவர் ஒரு பெருமூச்சு விட்டதாக எனக்குப் பட்டது. வீடு வந்து சேர்வதற்குள் என் சவ ஊர்வலத்துக்கு யார் வருவார்கள், யார் முகூர்த்த நாள் என்று சாக்குச் சொல்லித் தப்பிப்பார்கள் என்பதுவரை யோசித்து முடித்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் புது ஷூவை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற ஏரிதான். தென்னேரி மாதிரி கண்ணுக்கெட்டியவரை விரிந்து கிடக்கிற ஏரி என்று நினைத்துவிடாதீர்கள். மழை பெய்தால் ஏரி, பொய்த்தால் கிரிக்கெட் மைதானம். இப்போது அதன் கரைமேல் சிமெண்ட் கல் பதித்து, விளக்குக் கம்பம் நட்டு, நடைபாதையாக்கி விட்டார்கள். கீழே பக்கவாட்டில் முழுக்கக் கம்பி வேலி. நுழைகிற இடத்தில், பைக் வரக்கூடாது என்று, இடுப்பு உயர இரும்புத் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. எத்தனை அடி நடந்திருக்கிறேன் என்று போனில் பார்த்துக்கொண்டே போய் நடுத் தூணில் முட்டியைக் கொடுத்தேன். இன்னும் நடக்கவே ஆரம்பிக்கவில்லையே, அதற்குள் என்ன கணக்கு என்று கேட்காதீர்கள். பயந்தவனுக்கு எல்லாமே அவசரம்.

வலியில் அந்தத் தூணையே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கையில் இரும்பு வாசனை ஒட்டிக்கொண்டது. மட்டமான பெயிண்டுக்கு அடியிலிருந்து வருகிற, வேர்வை பட்டால் எழும்புகிற வாசனை. என் அக்கா எஸ்தரின் மூன்று சக்கர வண்டியின் வாசனை அது. கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. வருகிற சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே அதன் சங்கிலிக்கு அவள் போடுகிற விளக்கெண்ணெய் நாற்றம் தெருமுனையில் வந்துவிடும்.

அக்காவுக்குக் கைக்குழந்தையிலேயே போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. வண்டி வருகிறவரை அவளை எல்லோரும் தூக்கினார்கள். அப்பா தூக்கினார், சித்தப்பா தூக்கினார், வளர்ந்தபிறகு நானும் தூக்கினேன். தூக்குகிறவர்களிடம் ஒரு சங்கடம், அவர்கள் நினைத்த இடத்தில்தான் இறக்கிவைப்பார்கள். ஒரு கல்யாணத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு எல்லோரும் பந்திக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது அவள் இரண்டு காதிலும் முந்தானையைச் சுருட்டி அடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதன்பிறகு எந்தக் கல்யாணத்திலும் நான் சாப்பிட்டது ஜீரணமானதே இல்லை. வண்டி வந்த அன்று, இனிமேல் யாரும் என்னைத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சொன்னது சொன்னதுதான்.

அந்த வண்டியில் அவள் தினமும் போனது ஏரிக்கரை வழியாக. கரையின் அந்தக் கோடியில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவளுக்கு எஸ்.டி.டி. பூத் இருந்தது. மஞ்சள் போர்டு, ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஓடாத விசிறி. தெரு வழியாகப் போனால் பக்கம்தான். ஆனால் காலை நேரத்தில் நெசவாளர் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தறிக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள். அறுந்த இழைகளை முடிந்து, பாவைச் சுற்றி எடுக்கிறவரை தெரு அவர்களுடையது. நடந்து போகிறவன் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டு போய்விடலாம். மூன்று சக்கரத்தால் அது முடியுமா? பாவு நீட்டிய தெருவில் வழி கேட்பது எங்கள் ஊரில் மரியாதையும் இல்லை. அதனால் கரைமேல் ஏறி, கரைமேலேயே போய், பூத்துக்கு நேராக இறங்குவாள்.

அப்போது எனக்கு வேலை கிடைக்கவில்லை, ஆகவே எனக்கு வேலை இருந்தது. ஏற்றத்தில் தள்ளுவது, இறக்கத்தில் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது. ஏற்றம் பரவாயில்லை. இறக்கத்தில் பிரேக் என்று ஒன்று பேருக்கு இருந்தது. நான் குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தபடி கீழே வருவேன். எங்களுடையது கோயிலுக்குப் போகாத, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் அந்தச் சரிவில் நான் ஒரு கட்சியை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஏசப்பாவில் ஆரம்பித்து, பெரிய காஞ்சி, சின்ன காஞ்சி சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, தர்காவில் ஊதுபத்தி ஏற்றுவதாகச் சொல்லி, திருப்பருத்திக்குன்றத்துத் தீர்த்தங்கரர்வரை வந்துவிடுவேன். "இறங்கியாச்சுடா, கண்ணத் தொற" என்பாள் அக்கா.

பூத்துக்கு ஒரு பாய் வருவார். ஜரிகை வியாபாரம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து சவுதியில் இருக்கிற மகனுக்குப் பேசுவார். முதல் பாதி உருதுவில் திட்டு, மறுபாதி தமிழில் அழுகை. அவர் அழ ஆரம்பித்ததும் அக்கா வண்டியைச் சரக்கென்று திருப்பி முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அவ்வளவு சுளுவாக முதுகைத் திருப்ப வராது என்று பிறகு பாயே ஒருமுறை சொன்னார். எதையோ சொல்லவந்து எங்கோ போய்விட்டேன்.

கைபேசி வந்தது, மஞ்சள் போர்டு போனது, ஜெராக்ஸ் மெஷின் வந்தது, அதுவும் போனது. இத்தனை வருடம் சுற்றிச் சுற்றி அக்காவின் தோள்பட்டை தேய்ந்துவிட்டது. இப்போது என் வீட்டில் இருக்கிறாள், சக்கர நாற்காலியில். சமதளமாக இருந்தால் தானே உருட்டுவாள். மேடென்றால் நான். வந்து சேர்ந்த நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஒருதரம் கரைமேல் போய்விட்டு வர வேண்டும். தூணில் இடித்துக்கொண்டு வீடு திரும்பிய அன்று, நான் முட்டியில் எண்ணெய் தடவிக்கொண்டு, கல் பதித்திருக்கிறார்கள், வழுவழுவென்று இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்தேன். உடனே கிளம்பச் சொன்னாள்.

தூண்களுக்கு நடுவே நாற்காலி போகவில்லை. நேராக, குறுக்காக, பின்பக்கமாக என்று எல்லா விதத்திலும் முயன்றேன். காவலாளி கைலியை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார்.

"பைக் வரக்கூடாதுன்னு போட்டது சார்."

"இது பைக்காப்பா?"

"சக்கரம் இருக்குதே சார்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பைக்கில் வந்தார். ஹேண்டில்பாரைத் தூண்களுக்கு மேலாக விட்டு, நடுவே நெளிந்து உள்ளே போனார். காவலாளி வானத்தைப் பார்த்தார். வேறு வாசல் உண்டா என்று கேட்டேன். உண்டாம், அதற்குப் படிக்கட்டாம். அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் தெரிந்த தண்ணீரைக் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நான் அன்றிரவு தூங்கியிருப்பேன். போடவில்லை.

பதற்றத்தில் எனக்கு வருகிற யோசனைகளுக்கு ஊர்தான் பொறுப்பு. வேறு ஊர்க்காரனாக இருந்தால் மனு எழுதியிருப்பான். நான் சாமி தூக்குகிறவர்களைக் கூப்பிட்டேன். என்னோடு டீக்கடையில் நிற்கிற கன்னியப்பன் உற்சவத்தில் வாகனம் தூக்குகிறவர். மறுநாள் தன்னோடு தூக்குகிற மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு, நாங்கள் நின்ற படிக்கட்டு வாசலுக்கு வந்துவிட்டார். நால்வரும் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். முன் தண்டுக்கு யார், பின்னால் யார், முதலில் எந்தக் கால் எடுத்துவைப்பது என்றெல்லாம் பேச்சு. ஒருத்தர் குறுக்கே மூங்கில் கொடுத்துக் கட்டலாமா என்று கேட்டார். குடை மட்டும்தான் பாக்கி.

"கருட வாகனத்தையே படியில எறக்கினவங்கமா நாங்க," என்றார் கன்னியப்பன். "நாக்காலி இன்னா பெரிய விஷயம்."

அக்கா அவர்கள் நாலு பேரையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தூக்கறது சாமியயும் பொணத்தயும்தான். எனக்கு இன்னும் ரெண்டு வேலையும் வரல. போய் டீ குடிங்கபா."

கன்னியப்பனுக்குக் கோபமே வரவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். நான்தான் அவர்களுக்கு டீயோடு வடையும் வாங்கிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, அதே மூச்சில் அக்காவிடமும் மன்னிப்புக் கேட்டு, சற்றுநேரம் யாரிடம் எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாமல் நின்றேன்.

திரும்பும்போது, வேலியை ஒட்டிய மண்பாதையில் நாலைந்து எருமைகள் எதிரே வந்தன. உடம்பெல்லாம் நீர் சொட்ட, பாசி ஒட்டிய முதுகோடு. அக்கா நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். பின்னால் வந்தவர் முனுசாமி, எருமைக்காரர். அவரிடம், எருமைகள் எங்கே குளித்தன என்று கேட்டாள். ஏரியில்தான் என்றார். வேலி போட்டிருக்கிறார்களே, உள்ளே எப்படிப் போயின என்றாள்.

"அதுங்களுக்கு வழி இருக்குதுமா. வேலிய நாங்கதான் கொஞ்சம் வுட்டு வச்சிருக்கோம்."

"எருமை போற அளவுக்கா?"

"செனை எருமையே போவும்."

அக்கா தன் நாற்காலியின் இரண்டு சக்கரங்களையும் தொட்டுப் பார்த்தாள். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மண்சரிவு, சாணி, ஈரம், அதற்கு அப்பால் ஏரி. நாளைக்குச் செய்தித்தாளில் என் படம். படத்தில் நான் தொப்பையோடு.

முனுசாமி பின்னாலிருந்து தள்ள, நான் முன்னால் நின்று இழுத்தேன். சக்கரம் தரையில் இருக்கிறவரை யார் தள்ளினாலும் அவளுக்குச் சம்மதம். பாதி ஏற்றத்தில் என் புது ஷூ சாணியில் வழுக்கியது. எந்தச் சாமியை முதலில் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, சத்தமாகக் கூப்பிட்டேன் என்பது நினைவிருக்கிறது.

"டேய், கத்தாம இழு. எருமை மெரளுது," என்றாள் அக்கா.

ஏறிவிட்டோம். கல் பதித்த பாதை உண்மையிலேயே வழுவழுவென்றுதான் இருந்தது. கையை எடு என்றாள். எடுத்தேன். தானே உருட்டினாள். முதலில் மெதுவாக, தோள் வலிக்குப் பல்லைக் கடித்தபடி, பிறகு வேகமாக. காலை நடைக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள், மரியாதைக்கா சாணி நாற்றத்துக்கா தெரியாது. கல்மேல் இரண்டு பச்சைக் கோடுகளைப் போட்டுக்கொண்டே போனாள். தண்ணீரில் நீந்துகிற நாமக்கோழிகளைக் காட்டினாள். தூர் எடுக்காமல் மதகை அடைத்திருக்கிறார்கள் என்று திட்டினாள். நான் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன். டாக்டர் சொன்ன நடை அன்றைக்கே ஒரு மாதத்துக்கானது ஆகியிருக்கும்.

மறுகோடி வந்தது. அங்கேயும் தூண்கள். நடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தூணைக் கையால் தொட்டுவிட்டு, கபடி ஆடுகிறவர்கள் மாதிரி திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா நாற்காலியை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தாள். சாலை. பேருந்து நிறுத்தம். பூத் இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிற கடை.

"எறங்கற எடம் எங்கடா?"

"மூடிட்டாங்கக்கா."

"இவங்கல்லாம் ஏன் தொட்டுட்டுத் திரும்பறாங்க?"

"வாக்கிங்னா அப்படித்தான்கா. இந்தக் கோடிக்கு வந்துட்டு அந்தக் கோடிக்குப் போவாங்க."

"அங்க இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. திரும்பி வருவாங்க."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். டீ வாங்கி வரச் சொன்னாள். நான் வயிற்றை எக்கிக்கொண்டு தூண்களுக்கு நடுவே ஒருவழியாகப் பிதுங்கி வெளியே போய், வாங்கிவந்து, தூண்களுக்கு மேலாக நீட்டினேன். சாலையைப் பார்த்தபடியே குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கரைமேல ஏறுனா எறங்கத்தான்டா ஏறுவோம்," என்றாள். தூணைத் தொடாமல் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் வெளிப்பக்கம், அவள் உள்பக்கம். திரும்பப் பிதுங்கி உள்ளே வருவதற்குள் அவள் பாதி தூரம் போயிருந்தாள்.

அடுத்த வாரம் வேலியின் அந்த இடைவெளியைப் புதுக் கம்பி வைத்து முறுக்கிக் கட்டிவிட்டார்கள். கல்மேல் சாணிக்கோடு பார்த்து யாரோ புகார் சொன்னார்களாம். அக்காவிடம் சொன்னேன். எருமைகள் குளிக்காமல் இருக்காது, வேறெங்கேயோ இறங்கும், பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினாள்.

ஏரியை முழுக்கச் சுற்றினேன். நான் சிறுவனாக இருந்தபோது ஒவ்வொரு தெருவுக்கும் கரையில் ஏறி இறங்க ஒரு வழி உண்டு. வண்ணார் துறைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்குக் குறுக்காக ஒன்று, சுடுகாட்டுக்கு ஒன்று, ஐயம்பேட்டைப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் தேய்த்தே உண்டாக்கிய ஒற்றையடிப்பாதை ஒன்று. ஏரி நிரம்பிக் கோடி போய், உபரித் தண்ணீர் வழிகிற நாளில் தெருவே மஞ்சளும் கற்பூரமுமாக அவற்றில் ஏறி வரும். எல்லாவற்றையும் தேடினேன். சிலவற்றை மண் கொட்டி நிரவியிருந்தார்கள், சிலவற்றில் செம்பருத்தி நட்டிருந்தார்கள், பேருந்துக்கு ஓடுகிற பாதை எங்கே இருந்தது என்றே எனக்குப் பிடிபடவில்லை. எருமைத் தடம் ஒன்றுமில்லை.

கடைசியில் முனுசாமி வீட்டுக்கே போனேன். எருமைகள் வாசலில், சிமெண்ட் தரையில், வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அவர் ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். ஒன்று குழாயைப் பார்க்காமல், தண்ணீர் வருகிற பக்கம் பார்க்காமல், ஏரிப் பக்கமாகத் தலையைத் திருப்பி நின்றது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா நாற்காலியை என் பக்கமாகத் திருப்பினாள். பிறகு, "குழாயிலயா?" என்று கேட்டாள்.

"குழாயிலதான்கா."

"தண்ணில படுக்கக்கூட முடியாதே," என்றாள்.