பேட்ஜ் இல்லாத சட்டை

வேலைக்குக் கிளம்பும்போது எல்லாரும் சட்டைப் பையில் எதையாவது எடுத்து வைத்துக்கொள்வார்கள். அண்ணன் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுப் போவான். பையின் விளிம்பில் செருகியிருக்கும், தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் பேட்ஜ் அது. செருப்பை மாட்டிய பிறகு திடீரென்று ஞாபகம் வந்தவன்போல் அதை உருவி, கண்ணாடிப் பலகையில் சீப்புக்குப் பின்னால் வைப்பான். மேலே இருந்து யாராவது சோதனைக்கு வருகிற நாட்களில் மட்டும் அது அவனோடு போகும். வருடக்கணக்கில் தங்கை இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கம்பெனி அடையாள அட்டை, தொலைத்தால் அபராதம் போடுவார்கள் போல என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் அண்ணன். அதிலும் இயற்பியலில் எம்.எஸ்சி. சேர்ந்த அன்று மாமா விசாரித்தார்.

"பிசிக்ஸ் படிச்சு என்னடா ஆவ? ஃபேன் ரிப்பேர் பண்ணுவியா?"

"ஃபேன் ஏன் சுத்துதுன்னு சொல்லுவேன் மாமா."

"சுத்தலன்னா?"

"வேர்த்துக்கிட்டே சொல்லுவேன்."

படிப்பு முடிந்ததும் வேர்க்கத்தான் வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகை வரும்வரை ஒரு வருடம் எப்படியாவது ஓட்டு என்றார்கள். அம்மாவின் ஒற்றைச் சம்பளத்தில் ஒரு மாதம் ஓட்டுவதே பெரும்பாடு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தாயா என்று கேட்டார்கள். மென்பொருள் கம்பெனியில் கோடிங் தெரியுமா என்று கேட்டார்கள். டியூஷன் சென்டரில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஏன், எதற்கு என்று விளக்கப் போனால் பாடம் முடியாது, விடையை மட்டும் போடச் சொல்லு என்றார்கள். கடைசியில் வெல்டிங்கைப் படமெடுத்துப் பார்க்கும் கம்பெனியில் ஒப்பந்த வேலை கிடைத்தது. உடைந்த எலும்புக்கு எக்ஸ்ரே எடுப்பதுபோல, பெரிய இரும்புக் குழாய்களின் ஒட்டில் விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சை விட்டுப் பார்க்கிற வேலை. பிசிக்ஸ் படித்தவனுக்கு ஏற்ற வேலைதான் என்று மாமாகூட ஒத்துக்கொண்டார்.

அண்ணன் போன பாதையிலேயே தங்கையும் எம்.எஸ்சி.க்கு வந்தாள். இரண்டாம் வருடம் அணுக்கரு ஆய்வகத்தில் நுழைந்த முதல் நாள், மேடம் ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார். தீப்பெட்டி அளவு.

"இது உங்களைக் காப்பாத்தும்னு நெனைக்காதீங்க. எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினீங்கன்னு கணக்கு மட்டும் வெச்சுக்கும். அப்பப்ப அனுப்பிப் படிச்சுப் பார்ப்பாங்க. அளவு தாண்டினா அந்த ஆளை வேலையிலேர்ந்து நிறுத்தியாகணும்."

அவள் அதைச் சட்டையில் குத்திக்கொள்ளாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் முகம் கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்தாள்.

"சீப்புக்குப் பின்னாடி வெக்கிறியே, அது என்னதுண்ணா?"

"கண்டுபிடிச்சிட்ட இல்ல, அப்புறம் என்ன கேள்வி?"

"ஏன் போட்டுக்கிட்டுப் போறதில்ல?"

"போட்டா உள்ளதைக் காட்டிடும். காட்டினா உக்கார வெச்சிடுவாங்க. காண்ட்ராக்ட்காரன் உக்காந்தா அப்புறம் எழுந்திருக்க மாட்டான்." துண்டால் காதைத் துடைத்துக்கொண்டான். "நம்ம சீப்பைப் பாரு, எவ்வளவு பத்திரமா இருக்கு."

"நீ இதைப் பாடமாவே படிச்சவன்."

"அதனாலதான் தள்ளி நிக்கிறேன். தூரம் ரெண்டு மடங்கானா கதிர் நாலுல ஒண்ணு. போ, போய் உன் வேலையப் பாரு."

தள்ளி நிற்க முடியாத நாட்களைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. கதிர் வீசும் சின்ன உலோகக் குண்டு பெட்டியை விட்டு வெளியே போய்விட்டுத் திரும்பாமல் கேபிளில் சிக்கிக்கொண்டால், யாராவது கிட்டப் போய்த்தான் விடுவிக்க வேண்டும். பெரும்பாலும் போனவன் அண்ணன்தான் என்று அவளுக்கு வெர்னியர் சொல்லித்தான் தெரிந்தது.

வெர்னியர் என்பது அண்ணனுடைய கல்லூரி நண்பனின் பட்டப்பெயர். இருவருக்கும் ஆய்வகத்தில் ஒரே மேசை. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விடையை எழுதும்போது, அவன் மட்டும் வெர்னியர் அளவுகோலில் கண்ணை ஒட்டவைத்துக் கடைசி தசமம்வரை படிப்பான். வேலையில்லாமல் திரிந்தவனை இந்தக் கம்பெனிக்குள் கொண்டுவந்தது அண்ணன். முதல் வாரம் பேட்ஜும் கையுமாக நின்றவனிடம், "கழட்டி வைடா, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதும் அண்ணன்தான்.

அண்ணனுக்குப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தது முதலில். பிறகு எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலம் பாய்ந்தது. எலும்பு மஜ்ஜையே கெட்டுப்போயிருக்கிறது என்றார் மருத்துவர். கதிர்வீச்சு வேலை என்றதும், எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று கம்பெனியில் பதிவு இருக்குமே, கேட்டு வாங்கி வாருங்கள் என்றார்.

கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி தங்கையை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். சேர்ந்த நாளிலிருந்து பேட்ஜில் ஏறியது ஒன்றுமே இல்லை.

"உங்க அண்ணன் மாதிரி ஜாக்கிரதையான ஆளை நான் பாத்ததில்லம்மா. இந்த நோய்க்கு வேற ஏதாவது காரணம் இருக்கும்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அத்தனை வருடம் கம்பெனி அளந்து வைத்திருந்தது சீப்பு வாங்கிய கதிர்வீச்சை.

ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னபோது அண்ணன் கோபப்படவில்லை.

"அந்தக் கணக்கை இனிமே யாரும் திருத்த முடியாது, விடு. நீ வெர்னியரைக் கூட்டிட்டு வா. ஒண்ணும் ஆகாதுன்னு அவனுக்குச் சொன்னவன் நான். சொன்ன வாயாலயே அதைத் திருப்பி வாங்கணும். அவன் இன்னும் பேட்ஜைக் கழட்டிட்டுத்தான் போறான்."

"நான் சொல்லிடட்டுமா?"

"கூடாது. நான்தான்."

வெர்னியர் தனியாக வரவில்லை. மாசமாக இருந்த மனைவியும் கூட வந்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள்தான் பேச ஆரம்பித்தாள்.

"இவரை நிரந்தரம் பண்ணப் போறாங்கண்ணா. ஒரு நாள்கூட உக்கார வெக்காத ஆள்னு மேனேஜரே சொன்னாராம். எல்லாம் நீங்க காட்டின வழி."

அண்ணன் அவள் வயிற்றைப் பார்த்தான். பிறகு நண்பனைப் பார்த்தான். தங்கை மருந்துக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். இதோ சொல்லிவிடுவான் என்றிருந்தது.

"என்னடா, இப்பவும் கடைசி டெசிமல்வரைக்கும்தானா?" என்றான் அண்ணன்.

வெர்னியர் சிரித்தான். அண்ணனும் சிரித்தான், உதட்டில் ரத்தம் கசிந்தது. அவர்கள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு முன்னாடி எப்படிச் சொல்றது? நாளைக்கு ஃபோன்ல சொல்லிக்கிறேன்."

மறுநாள் காய்ச்சல் ஏறியது. அதன்பிறகு தொண்டையில் குழாய் இறங்கியது. அந்தக் குழாயை எடுத்தபோது, பேசுவதற்கு அவன் இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு காலையில் வெர்னியர் வந்தான். அண்ணனுடைய பேட்ஜைக் கம்பெனி திருப்பிக் கேட்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அம்மா உள்ளே படுத்திருந்தாள். தங்கை சீப்பை நகர்த்தி அதை எடுத்துக் கொடுத்தாள்.

"வெர்னியர் அண்ணா, நீங்க இனிமே பேட்ஜைப் போட்டுக்கிட்டே வேலை பாக்கணும்."

"அவன் சொல்லச் சொன்னானா?"

"அவனே சொல்லணும்னு இருந்தான்."

வெர்னியர் அந்தப் பேட்ஜை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு மட்டும் தெரியாதா தங்கச்சி? ரெண்டு பேரும் ஒரே புஸ்தகத்தைத்தானே படிச்சோம். அவன் ஒண்ணும் ஆகாதுன்னான். புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு அவனை நம்பினேன். ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவன் வாயால ஒரு வார்த்தை, விட்டுடுடான்னு. அங்கேயே விட்டிருப்பேன். அவன் டெசிமலைக் கேட்டான்."

"இப்ப நான் சொல்றேனே."

"நீ புஸ்தகத்துல இருக்கிறதைச் சொல்ற" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "வீட்டுல அவ பிரசவத்துக்கு நாளெண்ணிக்கிட்டு இருக்கா. இந்த மாசம் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடணும். வரட்டுமா, நேரமாச்சு."

அண்ணனின் பேட்ஜை ஒரு காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினான். அவன் சட்டைப் பையில் பேனா மட்டும் இருந்தது.

அண்ணன் கம்பெனிக்குத் தரவேண்டியது அதோடு தீர்ந்தது. வெர்னியருக்குத் தரவேண்டிய அந்த ஒரு வார்த்தை அப்படியே நிற்கிறது. அவன் இன்றும் வேலைக்குப் போயிருக்கிறான்.