முதலியார்பேட்டைக்கு வராத பறக்கும் கிரேன்

அரை டன் இரும்பை ஆற்றுச் சேற்றிலிருந்து எடுக்க ஹெலிகாப்டர் கேட்டு மனுப் போட்டவன் நான். அதையும் பிரெஞ்சில் போட்டேன். இரண்டில் எது பெரிய முட்டாள்தனம் என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

எண்பதுகளின் பின்பாதி. முதலியார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர், பஞ்சாலை வேலை போனபின், மாவு மில் வைக்கலாமென்று அரியாங்குப்பத்துக்குத் தெற்கே ஒரு பழைய டீசல் இஞ்சினை வாங்கினார். தீபாவளிக்குள் மில் ஓட வேண்டும். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் ஊரே மாவு அரைக்கும் அந்த இரண்டு வாரத்தை விட்டால் புது மில்லை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இஞ்சினை ஏற்றி வந்த மாட்டு வண்டி ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் சரிவில் சறுக்கியது. இஞ்சின் உருண்டு போய், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் அந்த ஆற்றில் இடுப்பளவு ஆழத்தில், சேற்றில் உட்கார்ந்துகொண்டது. மாடு கட்டி இழுத்ததில் கயிறுதான் அறுந்தது.

அந்த நேரம் பார்த்து நான் படித்தவனாக இருந்தேன்.

வாசகசாலையில் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளில் பறக்கும் கிரேன்கள் எனப்படும் சுமை தூக்கும் ஹெலிகாப்டர்களைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அமெரிக்கர்கள் முதலில் செய்து பார்த்ததன் இறக்கை, நுனியில் நெருப்பைக் கக்கியபடி சுற்றியதாம். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் புகார் செய்ய, ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு வயிறே இல்லாத ஒன்றைச் செய்தார்கள். முதுகெலும்பும் கால்களும்தான். சுமை அடியில் தொங்கும். அதைப் பார்த்தபடியே ஓட்டுவதற்குப் பின்பக்கம் திரும்பிய ஓர் இருக்கையும் உண்டு. போரில் விழுந்த விமானங்களைத் தூக்கியது, மலைக்காட்டிலிருந்து மரம் இறக்கியது, உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் கம்பத்தை நட்டது. போதாக்குறைக்கு நம் விமானப்படையும் ருஷ்யாவிலிருந்து ஒரு மகா ஹெலிகாப்டரை வாங்கியிருப்பதாகப் பேப்பரில் வந்திருந்தது. அது பிறந்ததே எதிர்வீட்டு மாவு மில்லுக்காகத்தான் என்று எனக்குப் பட்டது.

இனி யாரும் இஞ்சினில் கை வைக்க வேண்டாம், இழுத்தால் உடையும், மேலிருந்து பூப்போல எடுத்துவிடலாம் என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன். நம்பினார். நான் கண்ணாடி போட்டிருந்தேன், அரசாங்க வேலையில் இருந்தேன். அதற்குமேல் அவர் என்ன விசாரிக்க முடியும்?

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் பிரெஞ்சில் எழுதிய காகிதத்துக்கு ஒரு மரியாதை உண்டு. யாருக்கும் புரியாததால் யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த ராசி மெட்ராஸ் வரை செல்லும் என்று நினைத்து, அங்கிருந்த விமானப்படை அலுவலகம் ஒன்றுக்கு மூன்று பக்கம் எழுதினேன். ஹெலிகாப்டர் கிளப்பும் காற்றில் கரையோரக் குடிசைகளின் கூரை பறந்துவிடும், ஆகவே அங்கே குடியிருப்பவர்களை முன்னதாக அப்புறப்படுத்த வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி. ஒரு மாவு இஞ்சினுக்காக ஒரு குப்பத்தையே காலி செய்யச் சொன்ன தயாள குணம் என்னுடையது.

எதிர்வீட்டுக்காரர் தினமும் காலையில் ஆற்றங்கரைக்குப் போய் இஞ்சினைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வருவார். தகவல் ஏதும் உண்டா என்பார். தபால் போய்ச்சேரவே மூன்று நாளாகும் என்பேன். மூன்று நாள் நான்கு முறை கழிந்தது. மழை பிடித்துக்கொண்டது. உப்புத் தண்ணீர் யார் பதிலுக்கும் காத்திராமல் தன் வேலையைச் செய்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் மனைவி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை தூக்குகிறவர்களின் தலைவரான பாயை அழைத்து வந்தார். பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இஞ்சினைச் சுற்றிக் காலால் தடவிப் பார்த்தார்.

"எத்தினி நாளா கெடக்குது?"

"பன்னெண்டு நாளு," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"எதுக்குக் காத்துக்கினு இருந்தீங்க?"

அந்த நல்ல மனிதர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் மனைவிதான் அண்ணாந்து வானத்தை ஒரு முறை பார்த்தார்.

கடல் இறங்கித் தண்ணீர் வற்றிய நேரத்தில் ஆறு காலி டிரம்மை இஞ்சினோடு இறுக்கிக் கட்டினார்கள். பிறகு கரையில் உட்கார்ந்து பீடி பிடித்தார்கள். கடல் ஏறி ஆற்றுக்குள் வந்தது. டிரம்கள் முனகின, அசைந்தன, சேறு இஞ்சினை விட்டது. பலகை போட்டு எட்டுப் பேர் கரைக்கு இழுத்தார்கள். மொத்தமும் ஒரு சாயங்காலத்துக்குள் முடிந்தது. யாருடைய கூரையும் பறக்கவில்லை.

ஆனால் உள்ளே துரு ஏறிவிட்டது. மெக்கானிக் பிரித்துப் போட்டபடி இருக்கையிலேயே தீபாவளி வந்து போனது. தெரு மாவெல்லாம் வேறு மில்லுக்குப் போனது. எங்கள் வீட்டு மாவும்தான்.

பொங்கல் நெருங்கும்போது மில் ஓடத் தொடங்கியது. அதே வாரம் எனக்குப் பதிலும் வந்தது. தங்கள் கடிதம் எந்த மொழியில் உள்ளது என்பதைத் தெரிவிக்கவும் என்று இங்கிலீஷில் ஒரே வரி. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அதை மில்லுக்கே எடுத்துப் போய், இஞ்சின் சத்தத்துக்கு மேலே இருவருக்கும் தமிழில் கத்திச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அரைப்பதற்காக நான் கொண்டுபோய் என் காலடியில் வைத்திருந்த அரிசி டப்பாவைப் பார்த்தார்.

"இதையாவது நீங்களே தூக்கி வப்பீங்களா சார், இல்ல இதுக்கும் எழுதிப் போட்டுட்டுதான் நிக்கிறீங்களா?"