ஆற்றிலிருந்து என்மேல் ஏறி வந்தவை

அந்த வருடம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ். கண்ணை மூடினால் மானிட்டரின் 'பீப்' சத்தம் காதுக்குள் அடிக்கும். பஸ்ஸில் போகும்போதும் அடிக்கும், குழம்பு தாளிக்கும்போதும் அடிக்கும். அது ஒரு நொடி தாமதித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று திடுக்கிட்டு எழுவேன். மாத்திரை போட்டும் பலனில்லை. ஒருநாள், ஏற்கெனவே ஊசி போட்ட நோயாளிக்கே மறுபடி போடப் போனேன். கூட வேலை செய்தவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். அன்றே மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெட்டாற்றங்கரையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சிங்கப்பூரில் இருந்தார். நிலத்தையும் வீட்டையும் அண்ணிதான் பார்த்துக்கொண்டார்.

அண்ணி என்னைத் துருவிக் கேட்கவில்லை. "ஆத்துல போயி கொஞ்சம் படு. அங்க உன்ன யாரும் கூப்புட மாட்டாங்க" என்றார்.

கோடை முடியும் சமயம். ஆறு கரைக்குக் கரை வெறும் மணல். தினமும் வெயில் தாழ்ந்ததும் மூங்கில் நிழல் விழும் இடத்தில் போய்ப் படுப்பேன். முழங்கை வரை மணலுக்குள் விட்டால் அடியில் ஈரம் சில்லென்று கையைப் பிடிக்கும். முதல் இரண்டு நாள் பயமாக இருந்தது. காதை வைத்தால், கீழே யாரோ புரண்டு படுப்பது போல ஏதோ கேட்டது. பிறகு அதையே கேட்டுக்கொண்டு கிடக்கப் பழகினேன். பீப் சத்தங்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது.

ஒன்பதாம் நாள் சாப்பிடும்போது அண்ணி சொன்னார்: "கல்லணையில தண்ணி தொறந்துட்டாங்களாம். நாளைக்குக் காலையில இங்க வந்துரும். இன்னைக்கு மட்டும் போயிட்டு வா."

அன்று படுத்துச் சற்று நேரத்தில் காதுக்குள் சத்தம் முழுதாக நின்றது. நிம்மதியாக இருக்கவில்லை. வேறு எந்தச் சத்தமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மைனாக்கள்கூடக் கத்தவில்லை. கண்ணைத் திறந்தேன். இரண்டு கரையிலும் கொக்குகள் வரிசையாக நின்று, ஆற்றின் மேற்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

என் கையருகே மணல் நகர்ந்தது. மணல் இல்லை, எறும்புகள். பின்னால் பிள்ளைப்பூச்சிகள், மரவட்டைகள், ஒரு அரணை. எல்லாம் ஒரே திசையில், கிழக்கே ஓடின. ஒரு சாரைப்பாம்பு என் காலுக்குப் பக்கத்தில் என்னைச் சட்டையே பண்ணாமல் போனது. பிறகு 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வளைவில் பழுப்பு நுரையும் வைக்கோலுமாக, மறுநாள் வரும் என்று சொன்ன தண்ணீர், ஒரு சாண் உயரம்கூட இருக்காது, ஆள் நடக்கும் வேகத்தில் மணலைக் குடித்தபடி வந்தது.

எழுந்து நின்றேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. கணுக்காலைத் தண்ணீர் தொட்டதும் ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் என்மேல் ஏறின. அந்த இடத்தில் மேடு என்று இருந்தது நான் மட்டும்தான். புடவை, இடுப்பு, கழுத்து என்று நூறு நூறு சின்னக் கால்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

கரையில் அண்ணி ஓடி வந்தார். "ஏய், மேல வா! தண்ணி ஏறுது பாரு!" அருகே வந்ததும் அவர் முகம் வெளுத்தது. "அய்யோ... உதறாத. தோள்ல தேள் இருக்கு. மெதுவா வாம்மா."

மெதுவாக ஏறினேன். கரையில் ஒரு புங்க மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றாக என்னைவிட்டு மரத்துக்குப் போயின. தேள் கடைசியாகப் போனது. எதுவும் கடிக்கவில்லை. என் மூச்சு அவ்வளவு நிதானமாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஏழு மணிக்குப் படுத்தவள் மறுநாள் பத்து மணிக்குத்தான் எழுந்தேன். "ரெண்டு தடவ மூக்குல வெரல் வச்சுப் பாத்தேன்" என்றார் அண்ணி. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். இப்போது நன்றாகவே தூங்குகிறேன்.

ஒன்றை மட்டும் அண்ணியிடம் சொல்லவில்லை. அவர் கூப்பிடும்வரை எனக்குக் கரையேறவே தோன்றவில்லை.